வேலிக்கு வெளியே வரும் துகள் யாருடையது? விமானப் புகையைக் கணக்கிடும் புள்ளியியல், முதலிலிருந்து

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குக் கிழக்கே லெனக்ஸ், இங்கிள்வுட் என்று குடியிருப்புகள் நெருக்கமான இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பகலில் பெரும்பாலும் மேற்கே பசிபிக் கடலிலிருந்துதான் காற்று வீசும். விமானம் எதிர்காற்றைப் பார்த்து இறங்கும், எதிர்காற்றைப் பார்த்தே ஏறும் என்பதால், தரையிறங்க வருகிறவை இந்த வீட்டுக் கூரைகளுக்கு மேலே தாழப் பறந்து வந்து ஓடுபாதையைத் தொடுகின்றன, புறப்படுகிறவை கடலை நோக்கிப் போகின்றன. இது போதாதென்று விமான நிலையத்துக்கு ஒட்டினாற்போல் கிழக்கே 405 நெடுஞ்சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அமெரிக்காவில் வாகன நெரிசலுக்குப் பேர்போன சாலைகளில் அதுவும் ஒன்று.

இப்போது அந்தப் பகுதியில் ஒரு மாடியில் துகள் எண்ணும் கருவி ஒன்றை வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 40,000 துகள் என்று அது காட்டுகிறது. சரி, அதில் எத்தனை விமானத்துடையது, எத்தனை காருடையது, எத்தனை பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வந்தது? துகளின் மேல் பெயர் எழுதியிருக்காது. மொத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப்போகும் வேலை. ஓடுபாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது வெறும் கணக்குப் பாடம் கிடையாது, தினமும் உள்ளே இழுக்கிற மூச்சு. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகவே சொல்ல நினைக்கிறேன்.

முதலில் எதை எண்ணுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். காற்று மாசு என்றால் செய்திகளில் வருவது பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான குறுக்களவும் கொண்ட துகள்களின் மொத்த எடை. ஜெட் எஞ்சின் கக்குகிற துகள்கள் அதைவிட மிகச் சின்னவை, பெரும்பாலும் 10 முதல் 50 நானோமீட்டர். 100 நானோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றை மீநுண் துகள் என்கிறோம். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 மைக்ரான் என்பது 2,500 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகளைவிட 125 மடங்கு பெரியது. எடை குறுக்களவின் மும்மடிப்படி கூடும் என்பதால், 125 × 125 × 125 என்று பெருக்கினால் ஏறக்குறைய 19.5 லட்சம் வரும். அதாவது அடர்த்தி ஒன்றே என்றால், ஒரே ஒரு 2.5 மைக்ரான் தூசியின் எடைக்கு ஈடுகட்ட விமானத் துகள் இருபது லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். எடை பார்க்கிற கருவிக்கு விமானப் புகை கிட்டத்தட்டக் கண்ணிலேயே படாது, எண்ணிப் பார்க்கிற கருவியில் எகிறும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பிஎம் 2.5 சாதாரணமாகத்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியே வேறு.

20 நானோமீட்டர் என்பது ஒளியின் அலைநீளத்தைவிட வெகு சின்னது, லேசர் அடித்தாலும் தெரியாது. பிறகு எப்படி எண்ணுகிறார்கள்? எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். உறிஞ்சிய காற்றைக் கருவி முதலில் பியூட்டனால் என்கிற ஆல்கஹாலின் ஆவிக்குள் விடும், அடுத்து வெப்பநிலையை மாற்றி அந்த ஆவி தாங்க முடியாத அளவுக்குச் செறிவாகும்படி செய்யும். ஆவி ஒட்டிக்கொள்ள இடம் தேடும், கிடைப்பது அந்தத் துகள்தான். மார்கழிக் காலையில் புல்நுனியில் பனி கோத்துக்கொள்வது போலத் துகளைச் சுற்றி ஆல்கஹால் படிந்து படிந்து, பல மைக்ரான் அளவுள்ள துளியாக வளர்ந்துவிடும். அதற்கப்புறம் லேசர் முன்னால் ஒவ்வொன்றாகப் போகும்போது ஒவ்வொரு மினுக்கையும் எண்ணிவிடலாம். துகளை நேராகப் பார்க்க முடியாததால் அதைச் சுற்றி ஒரு துளியை வளர்த்துப் பார்க்கிறார்கள். வினாடிக்கு ஒரு எண் என்ற கணக்கில்கூட இது தரவு கொடுக்கும். அந்த வேகம் ஏன் முக்கியம் என்று பின்னால் வரும்.

விமானத்தின் பங்கைக் கணக்கிட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எஞ்சினிலிருந்து தொடங்குவது, இன்னொன்று விமான நிலைய வேலி ஓரத்துக் காற்றிலிருந்து தொடங்குவது.

எஞ்சினிலிருந்து தொடங்கும் வழியில், ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ வகுத்த ஒரு வட்டம் இருக்கிறது: விமானம் 3,000 அடிக்குக் கீழே வந்ததிலிருந்து மறுபடி 3,000 அடியைத் தாண்டும் வரை. அதை நான்கு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். புறப்பாடு 0.7 நிமிடம், எஞ்சின் முழு விசையில். மேலேறுவது 2.2 நிமிடம், 85 சதவீத விசையில். இறங்கி வருவது 4 நிமிடம், 30 சதவீதத்தில். தரையில் ஊர்ந்து போவதும் வரிசையில் காத்து நிற்பதும் 26 நிமிடம், 7 சதவீதத்தில். போயிங் 737-இல் பரவலாக இருக்கும் சிஎஃப்எம்56 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது ஒரு எஞ்சின் வினாடிக்குச் சுமார் 1.2 கிலோ எரிபொருள் குடிக்கும், தரையில் ஊரும்போது சுமார் 0.11 கிலோ. 42 வினாடிப் புறப்பாட்டுக்கு 50 கிலோ. 26 நிமிட ஊர்தலுக்கு, அதாவது 1,560 வினாடிக்கு, 170 கிலோவுக்கு மேல். நம் காதுக்குப் புறப்பாடுதான் பெரிய விஷயம், கணக்கில் சத்தமில்லாமல் ஊர்ந்தது மூன்று மடங்குக்கு மேல் எரித்திருக்கிறது. ஆனால் அந்த 26 நிமிடம் எல்லா ஊருக்கும் போட்ட பொது எண். சின்ன ஊர் விமான நிலையத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், நெரிசல் பிடித்த பெரிய நிலையத்தில் இழுத்துக்கொண்டே போகும். அதனால் உண்மையான நேரத்தைப் போடாமல் பொது எண்ணை வைத்துச் செய்த பட்டியலை நான் அவ்வளவாக நம்ப மாட்டேன்.

எரிபொருள் எடை தெரிந்தால், ஒரு கிலோவுக்கு எவ்வளவு துகள் என்று பெருக்கிவிடலாமே? அந்த எண் பல எஞ்சின்களுக்கு வெகுகாலம் இல்லவே இல்லை. இருந்தது 'புகை எண்' மட்டும். எஞ்சின் கக்கும் காற்றை ஒரு வெள்ளை வடிதாள் வழியாக இழுப்பார்கள், தாளில் வட்டமாகக் கரி படியும், அந்தக் கறை ஒளியை எவ்வளவு குறைவாகத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்து 0 முதல் 100 வரை ஒரு எண் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைக் குறைப்பதற்காக வந்த அளவை அது, நானோமீட்டர் துகளை நினைத்து யாரும் வைத்ததில்லை. பிறகு ஆராய்ச்சியாளர்கள், புகை எண்ணும் கரியின் எடையும் இரண்டும் அளக்கப்பட்ட சில எஞ்சின்களை வைத்து, இந்தக் கறைக்கு இவ்வளவு எடை என்று ஒரு வளைகோடு பொருத்தினார்கள். அந்தக் கோட்டை வைத்து மற்ற எஞ்சின்களுக்கெல்லாம் ஊகித்தார்கள். இந்தத் துறையில் புள்ளியியல் முதலில் நுழையும் இடங்களில் இதுவும் ஒன்று. கோடு நல்ல கோடுதான், ஆனால் சுற்றிலும் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், தாளில் கறையே தெரியாத சுத்தமான எஞ்சின்களுக்குப் பிழை விழுக்காட்டில் பெரிதாகப் போய்விடும். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து, 26.7 கிலோநியூட்டனுக்கு மேல் விசையுள்ள எஞ்சின்களுக்குத் திடத் துகள்களை நேராகவே அளக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2023 முதல் புதிய வகை எஞ்சின்களுக்கு எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

அப்படியும் ஒரு ஓட்டை மிச்சம். எஞ்சின் வாயில் அளப்பது கெட்டியான கரியை மட்டும். எரிபொருளில் உள்ள கந்தகமும், குறைந்த விசையில் முழுசாக எரியாத எண்ணெய் ஆவிகளும் சூடாக இருக்கும்வரை வாயுவாகவே வரும். பின்னால் சில பத்து மீட்டர் போய் ஆறும்போதுதான் அவை புதிய துகள்களாகத் திரள்கின்றன. எஞ்சின் சான்றிதழில் அவை இருக்காது, லெனக்ஸில் மூச்சு விடுகிறவர்களுக்கு இருக்கும்.

அதனால் இரண்டாவது வழி, வேலி ஓரம். இங்கேதான் ரெக்ரெஷன் வருகிறது (பாடப்புத்தகத்தில் தொடர்புப் போக்கு என்று படித்திருப்பீர்கள்). பயப்பட வேண்டாம், மளிகைக் கடை பில்லை நினைத்துக்கொண்டால் போதும். கடைக்காரர் தனித்தனி விலை எழுதாமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருகிறார். அரிசி எத்தனை கிலோ, பருப்பு எத்தனை கிலோ வாங்கினோம் என்று நமக்குத் தெரியும். ஒரே ஒரு பில்லை வைத்து அரிசி விலையைச் சொல்ல முடியாது. நூறு நாள் பில் இருந்தால், அரிசி கூடிய நாளில் தொகை எவ்வளவு கூடியது, பருப்பு கூடிய நாளில் எவ்வளவு என்று பார்த்து இரண்டின் விலையையும் பிரித்துவிடலாம். ரெக்ரெஷன் செய்வது இதைத்தான். இங்கே மொத்தத் தொகை என்பது கருவி காட்டும் துகள் எண்ணிக்கை. வாங்கிய பொருட்கள் என்பவை அந்த நிமிடத்துத் தரையிறக்கங்கள், புறப்பாடுகள், சாலையில் போன வண்டிகள். இவை எதுவும் இல்லாதபோதும் காற்றில் இருக்கும் துகளுக்கு ஒரு அடிப்படை எண், கடைக்குப் போனாலே ஆகும் ஆட்டோ செலவு மாதிரி. இந்தக் கணக்கு (இதை மாடல் என்பார்கள்) கண்டுபிடிப்பது ஒவ்வொன்றின் 'விலையை': ஒரு தரையிறக்கம் இந்த இடத்தில் எத்தனை துகளைக் கூட்டுகிறது?

மளிகையில் இல்லாத சிக்கல் இரண்டு இங்கே உண்டு. ஒன்று, விலை காற்றைப் பொறுத்து மாறும். கருவி இருக்கும் பக்கம் காற்று அடித்தால் ஒரு விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் துகள் கூடும், எதிர்ப்பக்கம் அடித்தால் பூஜ்யம். அதனால் விமான எண்ணிக்கையைத் தனியாகவும் காற்றுத் திசையைத் தனியாகவும் போட்டால் மாடல் உளறும், இரண்டையும் சேர்த்துப் பெருக்கித்தான் உள்ளே விட வேண்டும். இன்னொன்று, புகை நடந்து வர நேரம் ஆகும். ஓடுபாதை 600 மீட்டர் தள்ளி, காற்று வினாடிக்கு 4 மீட்டர் என்றால், 150 வினாடி, அதாவது இரண்டரை நிமிடம். 10:00 மணி விமானத்தை 10:00 மணித் துகளோடு பொருத்தினால் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும், 10:02, 10:03 என்று தள்ளிப் பொருத்தினால் மேடு மேல் மேடு வந்து உட்காரும். கருவியின் வேகம் முக்கியம் என்று சொன்னேன் அல்லவா, அது இதற்குத்தான். ஒரு நாள் சராசரியில் இந்த இரண்டரை நிமிடம் தடயமில்லாமல் கரைந்துபோகும். லாஸ் ஏஞ்சலஸிலேயே இப்படி நிமிடக் கணக்கில் விமான வருகை, புறப்பாட்டையும் துகள் எண்ணிக்கையையும் ரெக்ரெஷனில் பொருத்திய ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. ஓடுபாதை முனைக்குப் பக்கத்தில் புறப்பாடுகளின் பங்கு பெரிதாகத் தெரிந்தது.

ஒரு நுணுக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துகள் எண்ணிக்கை சமச்சீராக இருக்காது, பெரும்பாலான நிமிடங்கள் தாழ்வாகவும் சில நிமிடங்கள் வானத்தைத் தொட்டும் இருக்கும். அதனால் பலர் எண்ணிக்கைக்கு மடக்கை (log) எடுத்துவிட்டு மாடல் போடுவார்கள். கணக்குக்கு வசதிதான், ஆனால் அப்படிச் செய்தால் ஒரு விமானம் 'இருப்பதில் இத்தனை சதவீதம்' கூட்டுகிறது என்று அர்த்தமாகிவிடும். சாலைப் புகை நிறைந்த நாளில் அதே விமானம் அதிகம் கக்கியதுபோல் வரும். நிஜத்தில் விமானத்துக்கு அந்தச் சாலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது கக்குவதைக் கக்குகிறது, பங்குகள் ஒன்றோடொன்று கூடுகின்றன. அதனால் கூட்டல் மாடலை வைத்துக்கொண்டு, பிழை மட்டும் எண்ணோடு சேர்ந்து பெரிதாகலாம் என்று அனுமதிப்பதே சரி என்பது என் எண்ணம். கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் வரும் விடைக்கு அர்த்தம் இருக்கும்.

இப்போது உண்மையான தலைவலி. ஒவ்வொரு முறையும் 5 கிலோ அரிசி வாங்கும்போது கூடவே 1 கிலோ பருப்பும் வாங்கினால், ஆயிரம் பில் இருந்தாலும் எது என்ன விலை என்று பிரிக்கவே முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் அதுதான் நிலைமை. விமான நிலையமும் 405 நெடுஞ்சாலையும் குடியிருப்புக்கு ஒரே திசையில், மேற்கே இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு விமானமும் கூடும், காரும் கூடும். போதாக்குறைக்குக் காலையில் தரையை ஒட்டிய காற்று அடுக்கு மெல்லியதாக இருக்கும், புகை மேலே போகாமல் கீழேயே தேங்கும், அதனால் யார் கக்கியதாக இருந்தாலும் எண்ணிக்கை உயரும். மூன்றும் சேர்ந்தே நடக்கும்போது மாடல் ஏதோ ஒரு விடை சொல்லத்தான் செய்யும், ஆனால் அந்த விடையைத் தொட்டு உலுக்கிப் பார்க்க வேண்டும்.

உலுக்கிப் பார்க்க ஒரு நல்ல வழி தூரம். அதே 405 சாலையில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, சாலையை விட்டு விலக விலக மீநுண் துகள் மளமளவென்று குறைந்து, பகல் நேரத்தில் சுமார் 300 மீட்டரில் சுற்றுப்புறக் காற்றோடு வித்தியாசம் தெரியாமல் கலந்துவிடுவதைக் காட்டியது (விடிவதற்கு முன் இதைவிடத் தள்ளியும் போகும், அது வேறு கதை). அப்படியானால் துகள் உயர்வுக்குச் சாலைதான் காரணம் என்றால், கிழக்கே சில நூறு மீட்டர் போனாலே சரியாகிவிட வேண்டும். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக, காற்றுக்குக் குறுக்காகப் போய்ப் பார்த்தார்கள். 2014-ல் வெளியிட்ட முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: காற்று போகும் திசையில் 8 முதல் 10 கிலோமீட்டர் வரை துகள் எண்ணிக்கை நான்கைந்து மடங்கு, 16 கிலோமீட்டர் தள்ளியும் இரண்டு மடங்கு. 300 மீட்டரில் கரைகிற புகை 16 கிலோமீட்டர் நடக்காது. அந்தப் பரப்பின் அகலமும் தரையிறங்கும் பாதைகளோடு பொருந்தி வந்தது. கீழே இறங்கி வரும் விமானம் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு முன்பே தாழப் பறக்கிறது, அதன் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் சுழல்கள் கீழ்நோக்கி இறங்கும்போது புகையையும் கூடவே இழுத்துவரக்கூடும்.

காற்று வேகமும் ஒரு சாட்சி. தரையில் உள்ள காரின் புகை, காற்று வேகமாக வீசினால் சட்டென்று நீர்த்துவிடும். ஜெட் எஞ்சினின் புகை சூடானது, மேலே எழும்பப் பார்க்கும், மெல்லிய காற்றில் கருவியின் தலைக்கு மேலே போய்விடும், பலத்த காற்றுதான் அதை வளைத்துத் தரைக்கு அழுத்தும். லண்டன் ஹீத்ரோவில் நைட்ரஜன் ஆக்சைடை வைத்து 2006-லேயே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டார்கள். காற்றின் திசையை வட்டமாகவும் வேகத்தை ஆரமாகவும் வைத்து நிறம் பூசிய படத்தில், சாலைப் புகை நடுவில் இருக்கும், ஓடுபாதைத் திசையில் விளிம்புவரை ஒரு பட்டை நீண்டிருக்கும். ஒரு படம் பத்து அட்டவணைக்குச் சமம்.

புதிதாக இதைச் செய்து பார்க்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் விழும் ஒரு குழியைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாளில் 1,440 நிமிடம், ஒரு மாதத்தில் 43,000 வரிகளுக்கு மேல், ஆஹா எவ்வளவு தரவு என்று தோன்றும். ஆனால் 10:05-ன் எண் 10:04-ன் எண்ணைப் போலத்தான் இருக்கும். 43,000 வரிகள் 43,000 சாட்சிகளாகாது, ஒரே ஆளை மறுபடி மறுபடி கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்த மாதிரி. இதைக் கவனிக்காமல் விட்டால் திட்டப்பிழை (விடை எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு) பொய்யாகச் சுருங்கி, எல்லாமே உறுதியாகத் தெரிவதுபோல் இருக்கும். சோதிக்கும்போதும் இதே கதை. நிமிடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதியில் மாடலைப் பழக்கி மீதிப் பாதியில் சோதித்தால், பழக்கிய நிமிடத்துக்குப் பக்கத்து நிமிடமே கேள்வித்தாளில் வரும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கும். முழு நாட்களை, முடிந்தால் முழு வாரங்களை ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் குறையும், ஆனால் அதுதான் அதன் உண்மையான மதிப்பெண்.

இத்தனை துகள் என்றால் என்ன, அதிகமா குறைவா என்று கேட்கலாம். உலக சுகாதார அமைப்பு 2021-ல், மீநுண் துகளுக்குக் கட்டாய வரம்பு எதுவும் வைக்காமல், 24 மணி நேரச் சராசரி கன சென்டிமீட்டருக்கு 10,000-ஐத் தாண்டினால் அதிகம், 1,000-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று வழிகாட்டியது. நம் மாடியில் காட்டிய 40,000-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுபடி மளிகைக் கணக்குக்கே வருகிறேன். அரிசியும் பருப்பும் எப்போதும் சேர்ந்தே வந்தால் பிரிக்க முடியாது என்றேன். பருப்பு மட்டும் வாங்கிய ஒரு நாள் கிடைத்தால் பிரித்துவிடலாம். ஹீத்ரோவுக்கு அப்படி ஒரு வாய்ப்பு 2010 ஏப்ரலில் வந்தது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் ஆறு நாள் பறக்கவில்லை, சாலைகள் மட்டும் ஓடின. லாஸ் ஏஞ்சலஸில் எரிமலை தேவையில்லை, அங்கே தினமும் ஒரு சின்ன வாய்ப்பு வருகிறது. நள்ளிரவு முதல் காலை 6:30 வரை, வானிலை இடம் கொடுத்தால், குடியிருப்பவர்களின் தூக்கத்துக்காக விமானங்களைக் கடல் பக்கமிருந்தே இறக்குகிறார்கள், புறப்படுவதும் கடல் பக்கமே. அந்த நேரத்தில் லெனக்ஸ் கூரைக்கு மேலே இறங்குபாதையே இல்லை, 405-ல் வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பகல் தரவில் பழகிய உங்கள் மாடலிடம் அந்த நேரத்து நிமிடங்களைக் கொடுத்துப் பாருங்கள். தலைக்கு மேலே இறங்கும் விமானத்துக்கு அது வைத்திருக்கும் பங்கு அங்கே பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும், மீதமுள்ள சாலைப் பங்கு கருவியின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், பகலில் விமானத்தின் மேல் போட்ட பழியில் கொஞ்சம் காருடையது, அல்லது கார் மேல் போட்டதில் கொஞ்சம் விமானத்துடையது. எந்தப் பக்கம் தவறு, எவ்வளவு என்று அந்த ஆறரை மணி நேரத்துத் தரவைப் பார்த்தே திருத்திக்கொள்ளலாம்.